முப்பத்திரண்டு பக்கம் போதும்

எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடிவரும் ஆட்டத்தின் களம் 1741ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர். டச்சுக்காரர்கள் குளச்சலில் இறங்கியிருக்கிறார்கள். மார்த்தாண்ட வர்மாவின் படை கல்குளத்திலிருந்து புறப்படத் தயாராகிறது. இரு தரப்பிலும் சேராத ஓர் உப்பு வணிகர், முட்டத்து மீனவப் பெண் ஒருத்தி, கொடைவிழாக்களுக்குப் பாடச் செல்லும் வில்லிசைப் புலவர் ஒருவர் ஆகியோர் இடையில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை ஆட்டங்களை அறியாதவர்களுக்கு ஒரு வரி: ஒருவர் கதைக்களத்தை விவரித்து ஆட்டத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதற்கான விதிகள், ஊர்க்குறிப்புகள், வழியில் எதிர்ப்படுவோர் பட்டியல்கள் ஆகியவற்றைச் சில ஆண்டுகளாக இந்த வலைப்பூவில் எழுதி வருகிறேன்.

இப்போது நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: இத்தனையையும் தொகுத்து ஏன் ஒரு தடித்த புத்தகமாகப் போடக் கூடாது? அச்சில் வந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் அவர்கள் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் அச்சு என்பது வலைப்பூவுக்கு மேலே உள்ள படி அன்று. மேசையில் விரித்து வைக்க வேண்டியதை அச்சிட வேண்டும். விவாதித்து மாற்ற வேண்டியதை வலைப்பூவில் விட்டுவைக்க வேண்டும். இந்தக் கணக்கின்படி பார்த்தால் எங்களுடைய எழுத்தில் அச்சுக்குத் தகுந்தது முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் தேறாது.

இந்த ஆட்டவகையின் பிறப்பே அச்சில்தான் நிகழ்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய விதிகள், மூன்று சிறு நூல்களாக ஓர் அட்டைப்பெட்டிக்குள் வந்தன. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்; அவற்றை வீட்டில் வைத்துக் கையால் அடுக்கிப் பெட்டியில் போட்டார்கள். அந்நூல்களை வாங்கியவர்களுக்குப் பல விதிகள் விளங்கவில்லை என்பதும், ஒவ்வோர் ஊர்க் குழுவும் விடுபட்ட இடங்களைத் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது என்பதும்தான் அடுத்து நடந்ததற்குக் காரணம். 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்டு என்பவர் ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற மாத வெளியீட்டைத் தொடங்கினார். பங்களிப்பவர்கள் தத்தம் பக்கங்களை எழுதி அனுப்ப, அவர் அவற்றைச் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் அஞ்சலில் அனுப்பினார். சென்ற இதழில் ஒருவர் முன்வைத்த விதிக்கு மற்றொருவர் இந்த இதழில் மறுப்பு எழுதுவார். அதற்கான பதில் அடுத்த மாதம் வரும். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது வெளிவந்தது. தாளில் வந்தாலும் அதன் சுபாவம் வலைப்பூவின் சுபாவமே. பின்னூட்டத்துக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே வேறுபாடு.

‘டிராகன்’ இதழ் வேறு வகை. 1976இல் தொடங்கி 2007 வரை அச்சில் வந்த அந்த இதழில், ஆசிரியர் குழு ஏற்றுக்கொண்டதே வெளியாகும். பொழுதுபோக்காக எழுதுபவர்கள் தங்கள் பெயரை அதில் பார்ப்பதைப் பெருமையாகக் கருதினார்கள். அதன் அச்சுப் பதிப்பு நின்றதற்கு மறு ஆண்டு மார்ச்சில் கைகாக்ஸ் காலமானார். அதே காலகட்டத்தில் பழைய விதிகளைத் தோண்டியெடுத்துப் பேசும் வலைப்பூக்கள் மளமளவெனப் பெருகின. ‘குரோக்னார்டியா’ தொடங்கியதும் 2008இல்தான். அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாள இடம்கொடுத்து 2000இல் வந்த திறந்த ஆட்ட உரிமத்தைப் பயன்படுத்தி, 2006இல் ‘ஆஸ்ரிக்’ போன்ற, பழைய விதிகளின் மறு ஆக்கங்களை ரசிகர்களே வெளியிட்டிருந்தார்கள். ஆகவே எழுதுவதற்குச் சட்டப்படி இடமும், வெளியிடுவதற்குச் செலவில்லாத வழியும் ஒரே சமயத்தில் கிடைத்தன. வலைப்பூவில் பேசித் தீர்த்ததைப் பிறகு மெல்லிய நூலாக்குவது என்ற வழக்கம் அப்போதுதான் உறுதிப்பட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் அனுபவமும் அதையே சொல்கிறது. கடற்கரைச் சாலையில் எதிர்ப்படுவோர் பட்டியல் ஒன்று எங்களிடம் உண்டு. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, வரும் கூட்டுத்தொகைக்கு நேரே உள்ளதைப் படிக்க வேண்டும். இரண்டோ பன்னிரண்டோ விழுவதற்கு முப்பத்தாறில் ஒரு வாய்ப்புதான். ஏழுக்கோ முப்பத்தாறில் ஆறு. எனவே ஏழாம் வரியில் எதை வைக்கிறோமோ அதுவே அந்தச் சாலையின் இயல்பாகிவிடும். முதல் வடிவத்தில் அங்கே சுங்கக் காவலர்கள் இருந்தார்கள். மார்த்தாண்டத்தில் இதை ஆடிப்பார்த்த வேறொரு குழுவினர், காவலர்களிடம் மாட்டுவதும் தப்புவதுமாகவே பொழுது போய்விடுகிறது என்று எழுதினார்கள். காவலர்களை ஐந்துக்குத் தள்ளி, ஏழில் உப்புமூட்டை சுமந்து போகும் கூலியாட்களைக் கொண்டுவந்தேன். அவர்களிடம் செய்தி கேட்கலாம், கூட நடக்கலாம், சண்டை போட வேண்டியதில்லை. சாலைக்கு உயிர் வந்தது. இரண்டாம் வரியில் நள்ளிரவுச் சுடலைமாடன் கொடை இருக்கிறது; அது அரிதாக வருவதால்தான் வரும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. குழுவில் ஒருவர் வரைந்த வரைபடத்தில் வட்டக்கோட்டை கம்பீரமாக நின்றது. பதிவைப் படித்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், அந்தக் கோட்டை இன்றைய வடிவத்தைப் பெற்றது, பிற்பாடு திருவிதாங்கூர்ப் பணியில் சேர்ந்த டச்சுத் தளபதி டி லனாயின் மேற்பார்வையில் என்றும், டி லனாய் சிறைப்பட்டதே குளச்சல் போரில்தான் என்றும், ஆகவே 1741இல் அவர் கட்டிய மதிலில் உங்கள் ஒற்றன் எப்படி ஏறினான் என்றும் கேட்டார். அன்று மாலையே வரைபடம் மாறியது. ஒரு நூலின் ஐந்நூறு பிரதிகளில் அந்தக் கோட்டை இருந்திருந்தால் திருத்தத் துண்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அச்சே எதற்கு என்று கேட்கலாம். குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்து வீடொன்றில் நாங்கள் ஆடுவதுண்டு. ஆனி, ஆடிச் சாரலில் அங்கே கரண்ட் போவதும் வருவதும் சகஜம். செல்பேசிச் சிக்னலோ வராந்தாவின் ஒரு மூலையில் மட்டும் கிடைக்கும். அவ்விடத்தில் வலைப்பூவால் பயனில்லை. சிக்னல் இருந்தாலும்கூட, ஆட்டத்தை நடத்துபவர் திரையை நகர்த்தி நகர்த்திப் பட்டியலைத் தேடும் நேரத்தில் மற்றவர்கள் தங்கள் செல்பேசிகளை எடுத்துவிடுகிறார்கள். அதன்பின் அவர்களைத் திரும்பக் கதைக்குள் இழுப்பது பெரும்பாடு. விரித்து வைத்த இரண்டு பக்கங்களில் இடப்பக்கம் வரைபடமும் வலப்பக்கம் பட்டியலுமாக இருந்தால் கண் பார்த்ததும் விரல் போய் நிற்கும். ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். காற்றில் பறக்காத கனமாகவும் இருக்கும். அச்சின் மெய்யான பயன் இதுதான். அலமாரியில் முதுகு காட்டி நிற்பது அன்று.

முப்பத்திரண்டு என்ற எண் ஆசையால் வந்ததன்று. ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம். எட்டுத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நடுவில் பின் அடித்தால் முப்பத்திரண்டு. அதற்கு மேல் ஒரு கனமான அட்டை. பதினாறும் பதினேழும் ஒரே தாளின் உட்பக்கமாக அமைவதால் வரைபடம் இரண்டாக உடையாமல் அங்கே விழும். நூறு பிரதிகளுக்குள் என்றால் நாகர்கோவிலிலேயே டிஜிட்டல் அச்சில் முடித்துவிடலாம். பிளேட் போட்டு ஆஃப்செட்டில் அடிப்பது பிரதிகள் பல நூறாகும்போதுதான் கட்டுப்படியாகும், சிவகாசிக்குப் போவதைப் பற்றி யோசிப்பதும் அப்போதுதான். எங்களைப் போன்றோர் நூற்றைத் தாண்டினால் மிச்சம் கட்டிலுக்கு அடியில்தான் போகும்.

அச்சகத்தில் எதிர்பாராத ஒரு சிக்கல் காத்திருந்தது. வலைப்பூவில் எழுதுவது யூனிகோடு. நாங்கள் மாதிரிக்குக் கொடுத்த அச்சகத்திலோ இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி எழுத்துருவும்தான். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே எழுத்துருமாற்றி கொண்டு மாற்றும்போது, இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகள் தமிழாகத் தோன்றிவிடும். இரண்டு ஆறுமுகப் பகடை என்பதை உலகெங்கும் ஆடுபவர்கள் இரண்டு, டி என்ற சிறிய ஆங்கில எழுத்து, ஆறு என்று சேர்த்து எழுதுவார்கள். எங்கள் மெய்ப்பில் அது வந்த இடத்திலெல்லாம் ‘2ன6’ என்று இருந்தது. டிடிபி செய்த தம்பி அதை ஏதோ பழந்தமிழ்க் குறியீடு என்று நினைத்து, மிகுந்த மரியாதையுடன் அப்படியே விட்டிருந்தார். இப்போது எல்லா இடங்களிலும் ‘இரு பகடை’ என்று தமிழிலேயே எழுதிவிட்டேன். யூனிகோடை நேரடியாக ஏற்கும் இன்டிசைன் மென்பொருளில் பக்கம் அமைத்து பி.டி.எஃப். ஆகக் கொடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பான வழி.

பின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற, கடற்காற்று வீசுகிற மாவட்டம் இது. சாதாரண இரும்புப் பின் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் செம்பழுப்புக் கறை படிய வைக்கும். நடுப்பக்கத்தில்தானே வரைபடம் இருக்கிறது. பருத்தி நூலால் மூன்று துளையில் தைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நூறு பிரதிகளைத் தைக்க நான்கு பேரும் ஒரு மதியப்பொழுதும் போதும்.

அனுப்புவதற்கான செலவு இன்னொரு தலைவலி. பதிவு செய்த புத்தக அஞ்சல் என்ற மலிவான சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் கலங்கிப் போனார்கள். 2025 மே மாதத்திலிருந்து ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் கல்வி, பண்பாடு சார்ந்த நூல்களுக்கென்று வந்த சேவை அது. குறிப்பிட்ட இடைவெளியில் வரும் இதழ்களுக்கும் விளம்பரம் உள்ளவற்றுக்கும் அது பொருந்தாது. அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் நூலில் இருக்க வேண்டும். எனவே ‘மாதந்தோறும் ஒரு சிற்றிதழ்’ என்று கனவு காண்பவர்கள் இந்த விதியைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது. வெளிநாட்டுத் தளங்களில் பி.டி.எஃப். ஏற்றி, கேட்பவருக்கு அவ்வப்போது அச்சிட்டு அனுப்பும் வசதியும் இருக்கிறது; ஆனால் மெல்லிய நூல் ஒன்று அங்கிருந்து தக்கலைக்கு வந்து சேர்வதற்குள் நூலின் விலையை அஞ்சல் செலவு விழுங்கிவிடும்.

வலைப்பூவுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. புதியது மேலே வர, பழையது அடியில் புதையும். ஒரே விதிக்கு மூன்று வடிவங்கள் மூன்று பதிவுகளில் கிடக்கும், எது இப்போது நடப்பில் உள்ளது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய ஆபத்து, இடம் கொடுத்தவர் கடையைக் கட்டுவது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் மூடப்பட்டபோது இந்த ஆட்டக்காரர்களின் பல ஆண்டு உரையாடல்கள் அதனுடன் போயின. ஒவ்வொரு பதிவின் நகலையும் கணினியிலும் பென்டிரைவிலும் வைத்திருப்பது அதனால்தான்.

நண்பர்களில் ஒருவர் எங்கள் மாவட்டத்து எழுத்தாளர் ஜெயமோகனைச் சுட்டிக்காட்டி வாதிட்டார். வெண்முரசை 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் எழுதி, பிறகு இருபத்தாறு நாவல்களையும் நூலாக்கவில்லையா என்றார். நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் எங்களுக்குப் பொருந்தாது. நாவலை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கிறோம், எழுதி முடித்தபின் அது மாறுவதில்லை. விதிநூலை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. வேண்டிய பக்கத்தைப் பிரித்து, பார்த்து, மூடுகிறார்கள். தவிர, ஆட்டம் நடக்கும் வரை விதி மாறிக்கொண்டே இருக்கும்.

உரிம விஷயத்தில் மட்டும் அச்சுக்கு முன் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கச் சொல்வேன். 2023 ஜனவரியில் பழைய திறந்த உரிமத்தை மாற்ற, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் முயன்று, கடும் எதிர்ப்புக்குப் பின் பின்வாங்கி, 5.1 அடிப்படை விதித்தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வெளியிட்டது. அதிலிருந்து எடுத்தாளலாம், விற்கலாம். ஆனால் மூலத்தைக் குறிப்பிடும் வாசகம் இருந்தாக வேண்டும். வலைப்பூவில் அது விடுபட்டால் ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடலாம். அச்சில் விடுபட்டால் நூறு பிரதியிலும் விடுபட்டதுதான்.

ஆகவே நூலுக்குள் போகப்போவது இவ்வளவே: பாத்திரம் உருவாக்க நான்கு பக்கம், சண்டைக்கும் பேச்சுக்குமான விதிகள் ஆறு, நடுவில் வரைபடம், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குமரிமுனை வரையிலான கடற்கரைப் பட்டியல்கள், மலைப்பாதைக்கு ஒரு பட்டியல், நகலெடுத்துக்கொள்ள ஒரு பாத்திரத்தாள். விதிகளுக்கான காரணங்கள், கைவிட்ட வடிவங்கள், வரலாற்று ஆசிரியருடன் நடந்த வாதம் எல்லாம் வலைப்பூவிலேயே இருக்கும். அட்டையின் உட்பக்கத்தில் பதிப்பு எண்ணும் மாதமும் வலைப்பூ முகவரியும் அச்சாகும். அந்த மாதத்துக்குப் பின் மாறியவற்றை ஒரே பக்கத்தில் தொகுத்து வைக்கிறேன். அறுபது பிரதிகள் அடிப்பதாக இருக்கிறோம். வேண்டியவர்கள் ஆவணி முடிவதற்குள் சொல்லிவிட்டால் தாள் வாங்க வசதியாக இருக்கும்.