நத்தை இருந்ததா, இல்லையா?

ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. துடைத்தவர் ஓர் எச்சரிக்கைப் பலகைகூட வைக்கவில்லை. கட்டோடு உட்கார்ந்திருந்தபோது, சட்டம் படித்த காலத்து நத்தை நினைவுக்கு வந்தது.

1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் மே டொனஹ்யூ ஜிஞ்சர் பீர் குடித்தார். மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்ததாம். பாட்டில் கருநிறம், உள்ளே இருப்பது தெரியாது. காசு கொடுத்தது தோழி. ஆக, இவருக்கு யாரோடும் ஒப்பந்தமே இல்லை. அப்புறம் யார் மேல் வழக்கு? தயாரித்தவர் மேல்தான். நம் கவனக்குறைவால் யார் பாதிக்கப்படலாம் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிகிறதோ, அவரிடம் நமக்குக் கடமை உண்டு என்று 1932-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நத்தை நிஜமாகவே இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை!

சரி, என் கதை? விழுந்தபோது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நஷ்டஈடு கேட்டால், என் கவனக்குறைவுக்கும் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள்.