மே ஹோங் சோன்: பித்தளை வளையத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

தாய்லாந்தின் சியாங் மாயில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு டிராவல்ஸ் பலகை கண்ணில் படும். யானை, அருவி, மதியச் சாப்பாடு, கடைசி வரியில், கழுத்தில் பித்தளை வளையம் அணிந்த 'நீண்ட கழுத்துப் பெண்கள்'. எல்லாமே அரை நாளில்! தயவுசெய்து அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள். ஒரு மணி நேர ஓட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் அந்தக் 'கிராமங்கள்', நாலைந்து மலைவாழ் இனத்தவரை ஒரே வளாகத்தில் குடிவைத்துக் காட்சிக்காக அமைத்தவை. டிக்கெட் கவுண்டர், பார்க்கிங், வரிசையாகத் துண்டுக் கடைகள். கரென்னி மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்ய நினைக்கும் யாருக்கும் அங்கே வேலையில்லை. மேற்கே, மியன்மர் எல்லையோரத்து மே ஹோங் சோன் வரை போயே ஆகவேண்டும்.

கரென்னி என்பது ஒரே இனத்தின் பெயர் இல்லை. கயா, கயான், கயாவ் எனப் பல குழுக்கள் அதற்குள் அடங்கும். கழுத்து வளையம் அணிபவர்கள் கயான் பெண்கள். அவர்களின் சொந்த மலை எல்லைக்கு அந்தப் பக்கம், மியன்மரின் கயா மாநிலத்தில் இருக்கிறது. 1875-ல் ஆங்கிலேயரும் பர்மிய அரசர் மிண்டோனும் மேற்குக் கரென்னி நாடுகளைத் தனி நாடுகளாக ஒப்புக்கொண்டார்கள். 1951-ல் பர்மா அரசு அந்தப் பகுதிக்குக் கயா மாநிலம் என்று பெயர் மாற்றியது. ராணுவத்துக்கும் கரென்னிப் படைகளுக்கும் நடந்த சண்டையில் 1980களின் நடுவிலிருந்து குடும்பம் குடும்பமாக எல்லை தாண்டினார்கள். இன்றும் இந்த மாவட்டத்தில் பான் மாய் நாய் சொய், பான் மே சுரின் என்று கரென்னி அகதிகளுக்கான இரண்டு முகாம்கள் இருக்கின்றன. முகாமுக்குள் சுற்றுலாப் பயணிக்கு அனுமதி கிடையாது, வாசலில் போய்க் கேட்டுப் பார்க்கவும் வேண்டாம். கயா மாநிலத் தலைநகர் லோய்காவுக்கே நேராகப் போகலாம் என்று 2021 ராணுவக் கவிழ்ப்புக்கு முந்தைய பதிவுகளை நம்பிக் கிளம்புவது அதைவிட மோசம். 2023 நவம்பரில் அந்த நகரத்துக்குள்ளேயே போர் நடந்தது.

சரி, வண்டி. சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊர் வழியாகப் போகும் 1095 நெடுஞ்சாலைப் பாதை ஏறக்குறைய 245 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். ஊரில் விற்கும் டி-ஷர்ட்டில் 1864 வளைவு என்று அச்சடித்திருப்பார்கள். அதை யாராவது எண்ணினார்களோ என்னவோ, வயிறு நம்பும். மினிவேனில் கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு நேர் மேலே வரும். ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம்தான் வீசி எறியும், ஏசி காற்றும் அங்கே சரியாக எட்டாது, போதாக்குறைக்கு ஏற்ற இடம் இல்லாத பைகளையும் மடியில் திணிப்பார்கள். முந்தின நாளே கவுண்டருக்குப் போய் இருக்கைப் படத்தைக் காட்டச் சொல்லி முன் வரிசையை எடுங்கள். பின் வரிசை மட்டும் மிச்சம் என்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். வாந்தி மாத்திரையை வண்டி கிளம்பும் அரைமணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், பாதி மலையில் போட்டுப் பயனில்லை. மே சரியாங் வழியாக வரும் 108-ம் சாலை நீளம் அதிகம், ஆனால் தலைசுற்றல் குறைவு. மே ஹோங் சோன் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போக ஓட்டுநர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். ஊர் மையம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பையைத் தோளில் போட்டு நடந்துவிடுங்கள், அந்தக் காசில் ஒருவேளை சாப்பாடே முடிந்துவிடும்.

சாப்பாடு என்றதும் சொல்லியே ஆகவேண்டும். காலைச் சந்தையில் 'துவா பூ உன்' என்று கேளுங்கள். கடலை மாவைக் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சிய கெட்டிக் கஞ்சி. அரிசி நூடுல்ஸ் மேல் சூடாக ஊற்றி, எள், மிளகாய் எண்ணெய், கொத்தமல்லி தூவித் தருவார்கள். ஷான் மக்களின் உணவு இது, ஊரின் பெரும்பான்மையும் அவர்கள்தான். தாய்லாந்தில் நான்கு நாள் வெறும் சோறும் வாழைப்பழமுமாக ஓட்டும் சைவக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அப்படியே சாப்பிட்டுவிடாமல் 'ஜே' (சுத்த சைவம்) என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மீன் சாறு சேர்க்காமல் தருவார்கள். பச்சைப் பப்பாளியைச் சீவி மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'காங் போங்' மாலையில் கிடைக்கும். இரண்டாவது பொட்டலம் வாங்க வைக்கும், உஷார்.

இப்போது எந்தக் கிராமம் என்று பார்ப்போம். கயான் குடும்பங்கள் வாழும் மூன்று இடங்கள் நகரத்தைச் சுற்றி இருக்கின்றன. ஹுவாய் சூவா தாவ் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் பாதையில் ஓடைகள் குறுக்கிடும். மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும் சிமென்ட் தரையில் பாசி படிந்து ஸ்கூட்டர் வழுக்கும். இரு சக்கர வண்டி ஓட்டச் சர்வதேச உரிமம் இல்லாதவர்கள் வாடகை ஸ்கூட்டரைத் தொடவே வேண்டாம், விபத்தானால் காப்பீடு கைவிரித்துவிடும். நாய் சொய் வடமேற்கே தள்ளி இருக்கிறது. ஹுவாய் பு கெங்குக்குப் பாய் ஆற்றில் ஹுவாய் டூவா படகுத்துறையிலிருந்து நீள்வால் படகு பிடிக்கலாம். படகு வாடகை தலைக்கு இல்லை, படகுக்கு. தனியாகப் போனால் பர்ஸ் கிழியும், துறையில் காத்திருந்து நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போவதும் வருவதும் சேர்த்துத்தானா, காத்திருப்பு எவ்வளவு நேரம் என்பதை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

என் கட்சி ஹுவாய் பு கெங்தான். காரணம், அங்கே இரவு தங்கலாம். நுழைவுக் கட்டணம் (இந்தக் கிராமங்களில் நெடுங்காலம் 250 பாட் என்றிருந்தது) அப்படியே அந்தப் பெண்களின் கைக்குப் போவதில்லை என்ற குறை பல வருடங்களாக உண்டு. தங்கும் வீட்டுக்கும், நெசவு சொல்லித்தருபவருக்கும், சாப்பாடு போடுபவருக்கும் தரும் காசு நேராக அவர்களுக்கே போகிறது. கிராமத்தில் ஏடிஎம் இல்லை. நூறும் ஐம்பதுமாகச் சில்லறை மாற்றிக்கொண்டு போங்கள்.

இரவு தங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகல் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை ஊரில் நடப்பது கடை வியாபாரம். அன்றாட வாழ்க்கை அதற்கு முன்னும் பின்னும்தான். விடியலில் அடுப்பு மூட்டுவது, பன்றிக்குத் தவிடு வைப்பது, தோட்டத்துக்குக் கிளம்புவது, மாலையில் விறகும் தண்ணீரும் வந்து சேர்வது எல்லாம் அரை நாள் டூர் கண்ணில் படவே படாது.

வளையத்தைப் பற்றி உலகம் முழுக்கத் தப்பும் தவறுமாகவே எழுதியிருக்கிறார்கள். அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனி வளையம் இல்லை. சுண்டுவிரல் அளவு தடித்த ஒரே பித்தளைக் கம்பி, சுருளாகச் சுற்றப்பட்டது. ஐந்து வயதை ஒட்டிச் சிறிய சுருளில் தொடங்கி, வளர வளர அதைக் கழற்றி, நீளமான கம்பியைப் புதிதாகச் சுற்றுவார்கள். சுற்றத் தெரிந்த மூத்த பெண் கையாலேயே வளைத்து வளைத்துச் சுற்றுவார், கருவி ஏதும் கிடையாது. தோள்மேல் படியும் அகலமான கீழ்ச்சுருள் தனித் துண்டு. பிடரியில் செங்குத்தாக நிற்கும் சின்னச் சுருள்தான் அதைக் கழுத்துச் சுருளோடு பிணைக்கிறது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே நிற்பதால் இந்தப் பிணைப்பு எந்தப் படத்திலும் வருவதில்லை. அனுமதி கேட்டுப் பின்னாலிருந்தும் ஒன்று எடுங்கள்.

கழுத்து உண்மையில் நீள்வதில்லை. பாரம் காறை எலும்பையும் மேல் விலா எலும்புகளையும் கீழே தள்ளுகிறது, பார்வைக்குக் கழுத்து நீண்டதுபோல் தெரிகிறது. கழற்றினால் கழுத்து ஒடிந்துவிடும் என்பதும் கட்டுக்கதை. சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழற்றத்தானே வேண்டும்! படிப்புக்காகவும் எதிர்ப்பைக் காட்டவும் ஒரேயடியாகக் கழற்றிய இளம்பெண்கள் உண்டு. தசை கொஞ்ச நாள் சோர்ந்திருக்கும், தோல் நிறம் மாறியிருக்கும், அவ்வளவே. பளபளப்பு தானாக வருவதில்லை. எலுமிச்சை போன்ற புளிப்பைத் தடவி வைக்கோலால் தேய்க்கிறார்கள். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவதேதான், விளக்கு கழுத்தில் இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம்.

கேமராக்காரர்களுக்கு: உலோகத்தின் மேல் விழும் பளிச்சொளியைப் போலரைசர் ஃபில்டர் அடக்காது. தண்ணீர், கண்ணாடி, இலை ஆகியவற்றுக்கு அது வேலை செய்யும், பித்தளைக்குச் செய்யாது. உச்சி வெயிலில் எடுத்தால் வளையம் வெள்ளையாக வெந்து போகும், முகம் இருளும். தாழ்வாரத்து நிழலில் உட்காரவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுங்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகையும் இருட்டும்தான். 35 மிமீ எஃப்/1.8 லென்ஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஃபிளாஷ் போட்டால் புகைத் துகள் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும்.

வளையத்தில் தொலைத்த கவனத்தில் கால்வாசியாவது கூரைக்குக் கொடுக்கலாம். இந்தப் பக்கத்து மூங்கில் வீடுகளின் கூரை காய்ந்த காட்டு மர இலை. பிப்ரவரி, மார்ச்சில் உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் உதிர்ந்து கிடக்கும். காட்டுத் தீ வரும் முன் பொறுக்கியாக வேண்டும். நொறுங்காமலிருக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் சிம்பின்மேல் ஒவ்வொரு இலையாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி மூங்கில் நாரால் தைத்துத் தட்டி முடைகிறார்கள். கூரைச் சரிவு செங்குத்தாக இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி இலை மக்கும். அடுப்புப் புகை ஏறும் பகுதி மட்டும் பூச்சி அரிக்காமல் கூடுதல் நாள் தாங்கும். எப்படியும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றித்தான் ஆகவேண்டும்.

நெசவு இடுப்புத் தறியில். பாவின் (நீளவாக்கு நூல்களின்) ஒரு முனை வீட்டுத் தூணில், மறுமுனை மடியில் உள்ள கோலில், கோலின் இரு பக்கமும் பிடித்த பட்டை இடுப்பின் பின்னால். நெய்பவர் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். தறியின் சட்டமே அவர் உடம்புதான். குறுக்கே ஓடும் ஊடை நூலை அனுப்பிய பிறகு வாள் மாதிரியான மரப்பலகையால் அடித்து இறுக்க வேண்டும். புதிதாக உட்காருபவர்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஊடையை இழுத்துவிடுவார்கள், நாலு விரற்கடைக்குள் துணி இடுப்பு சிறுத்துவிடும். நூலைச் சற்று வளைவாகத் தளர விட்டு அடிப்பதே சரி. கைக்கெட்டும் அகலம்தான் துணியின் அகலம், அதனால் சட்டை என்றால் இரண்டு பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, கழுத்துக்கும் கைக்கும் திறப்பு விடுவார்கள். கடையில் வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். முழம் முழமாகக் கோடு போட்டது போல ஒரே சீராக இருந்தால் அது சந்தையிலிருந்து வந்த மெஷின் துண்டு. தறியில் உட்கார்ந்திருப்பவரிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம்.

கரென்னி மக்களின் பெரிய திருவிழா மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், விதைப்புக்கு முன். கே தோ போ என்னும் உயரமான மரக்கம்பம் நடும் மூன்று நாள் விழா. உலகம் நிலைபெறப் படைத்தவன் ஒரு சிறு கம்பத்தை ஊன்றினான் என்பது அவர்கள் நம்பிக்கை. கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள், மழை வேண்டுவார்கள், கோழி எலும்பைப் பார்த்து வரும் வருடத்துக்குக் குறி சொல்வார்கள். கத்தோலிக்கர்களாக மாறிய கயான் குடும்பங்களும் நிறைய உண்டு, ஆகவே எல்லா வீட்டிலும் இதே சடங்கு என்று எழுதிவிடாதீர்கள். தேதியை இணையத்தில் தேடி நம்ப வேண்டாம், வருடாவருடம் மாறும். கிராமத்தில் யாரையாவது தொடர்பில் வைத்துக் கேட்பது ஒன்றே வழி.

கொடுமை என்னவென்றால், அதே வாரங்கள்தான் வடக்குத் தாய்லாந்தின் புகை மாதம். காடும் கழனியும் எரிந்து பள்ளத்தாக்கு மூடிக்கிடக்கும், எதிர் மலை தெரியாது, விமானம் ரத்தாகும். என்-95 முகமூடி கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் விழாவை மறந்துவிட்டு நவம்பர் முதல் ஜனவரிக்குள் போங்கள்.

ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு ஒன்று. கயா மொழிக்குச் சொந்த எழுத்து இருக்கிறது. 1962-ல் தே பு பே என்பவர் உருவாக்கியது, 2008-ல் யூனிகோடில் ஏறியது. பாட்டின் தலைப்பையும் பாடியவர் பெயரையும் நம் காதில் விழுந்தபடி கிறுக்குவதைவிட, எழுதத் தெரிந்தவரிடம் நோட்டை நீட்டி எழுதி வாங்குங்கள். கூடவே எந்தக் குழு, கயா மாநிலத்தில் எந்த ஊர்ப்பக்கம், எந்த நாள், படத்தையும் குரலையும் வெளியிட ஒப்புதல் உண்டா என்பதையும் குறியுங்கள். பலருக்குத் தாய்லாந்துக் குடியுரிமை இல்லை, ஊர்விட்டு ஊர் போகவே கட்டுப்பாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் உறவினர் இருக்கும் ஆளின் முகத்தையும் அவர் போர் பற்றிச் சொன்னதையும் ஒன்றாகப் பதிவேற்றுவது சுத்தப் பொறுப்பின்மை.

எடுத்த படங்களை நகரத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு மறுபடி ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுங்கள், செலவு பெரிதாக ஆகாது. அதற்கும் சேர்த்து, கிராமத்தில் ஓர் இரவு, நகரத்தில் இரண்டு இரவு குறைந்தபட்சம். நகரத்தில் ஃபேன் அறை 500 பாட்டை ஒட்டிக் கிடைக்கும், பெரிய செலவு படகுதான். கையில் ஒரே நாள்தான் இருக்கிறதென்றால் அத்தனை வளைவையும் தாண்டி வர வேண்டாம், பாயிலேயே இறங்கி காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.