ஏ9 வீதியை விட்டு இறங்கினால்தான் வன்னி

யாழ்ப்பாணத்துக்காரர் நிறையப் பேருக்கு வன்னி என்பது தெற்கே போகிற ஏ9 வீதியில் பஸ் ஜன்னலில் ஓடுகிற காடு. ஆனையிறவு தாண்டியதும் கண் சொருகும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது முழிப்பு வரும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் ஒரு சரை கச்சான், குரங்கு பறிக்க முதல் ஏறிவிட வேண்டும். பிறகு வவுனியா வரை நித்திரை. இறங்கிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது. விடுமுறை என்றால் வான் பிடித்து நுவரெலியா, எல்ல என்று மலைநாட்டுக்குத்தான் ஓடுகிறோம்.

மலையில் ஒரு வசதி உண்டு. மெதுவாகப் போ என்று அதுவே சொல்லிவிடும். லடாக்கில் லே நகரம் 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்குகிறவர்களை முதல் ஓரிரு நாள் எங்கும் ஓடித் திரியாமல் அறையிலேயே இருக்கச் சொல்வார்கள். காற்றில் ஒட்சிசன் குறைவு, உடம்பு பழக வேண்டும். வன்னியில் அப்படி ஏற்றம் எதுவும் கிடையாது. தரை தட்டையாகக் கிடக்கிறது, ரோடும் இப்போது நல்ல ரோடு. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதியில் சுமார் 50 கிலோமீற்றர்தான், வாகனத்தில் ஒரு மணித்தியாலம் போதும். இங்கே ஆளை நிறுத்தி வைப்பது வெயில் ஒன்றுதான். அதுவும் வாகனத்துக்குள் இருப்பவருக்குத் தெரியாது.

அதனால்தான் நானும் மச்சாளும் சைக்கிளில் போவதென்று முடிவு செய்தோம். மழையை நம்பி விதைக்கிற காலபோகத்தின் அறுவடை நடக்கிற மாசி மாதம் இதற்குத் தோதான காலம். குளங்களில் தண்ணீர் நிற்கும், விடியப்புறம் பனி இருக்கும், பத்து மணி வரை மிதிக்கலாம். ரயிலில் மாங்குளம் போய் இறங்கி, சின்னம்மா வீட்டில் நின்ற பழைய லுமாலா சைக்கிள் இரண்டை எடுத்துக்கொண்டோம். கியர் இல்லை, தேவையும் இல்லை.

சின்னம்மா வீட்டில் எங்களை ஒருவரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னி முழுக்க ஓடியது சைக்கிளில்தான். விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் கரியரில்தான் போகும். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2022இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசையில் நின்றபோது, கொழும்பில் சைக்கிள் வாங்குவது செய்தியானது. சித்தப்பா அந்தக் கிழமை சங்கிலிக்கு எண்ணெய் விட்டாராம், அவ்வளவுதான். சூழலுக்குக் கேடில்லாத பயணம் என்று இன்று நாங்கள் பெருமையாகச் சொல்வதை இந்தச் சனம் வேறு வழியில்லாமல் பன்னிரண்டு வருடம் செய்தது. அதை நினைத்தால் பெருமை கொஞ்சம் குறையும்.

ஒலுமடு தாண்டியதும் ரோட்டில் பாதி நெல். அறுத்த நெல்லை வெயிலில் காயப் போட வேறு இடம் இல்லை, தார் ரோடுதான் களம். கரையில் கற்களை வரிசையாக வைத்துவிட்டு ஒரு அக்கா வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார். கால் போன வழியில் கோடு கோடாக விழுகிறது, திரும்பி வரும்போது அந்தக் கோட்டுக்கு நடுவால் அடுத்த கோடு. வாகனக்காரருக்கு இது இடைஞ்சல், ஹோர்ன் அடிக்கிறார்கள். எங்களைப் பார்த்து அவர், “ஏறினாலும் பரவாயில்லை பிள்ளையள், சைக்கிள் ரயர் ஒண்டும் செய்யாது” என்றார். நாங்கள் ஏறவில்லை. இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தோம், அப்படியே கதை தொடங்கியது. சம்பா போட்டிருக்கிறார்கள், மொட்டைக்கறுப்பன் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு துண்டு வயலில். விற்கிற நெல்லுக்கு விலை சரியில்லை. அது எந்த வருடமும் கேட்கிற கதை.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்ற இடத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. 1803 ஆவணியில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தவன். அதே வருடம் ஒக்ரோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை இங்கே அவனைத் தோற்கடித்தது. கல்லை முதலில் நட்டது வென்றவர்கள், கும்பிடுவது தோற்றவனை. காரில் வருகிறவர்கள் இறங்கி ஒரு செல்பி எடுப்பதற்குள் எஞ்சின் கூட அணைப்பதில்லை.

இரவு தங்கியது மச்சாளுடன் படிப்பிக்கிற ஒருவரின் தாய்வீட்டில். விடுதிக்குக் காசு கொடுக்கலாம், இங்கே கொடுத்தால் கோபிப்பார்கள். அதனால் போகும்போதே சீனி, தேயிலை, மாப்பால் பெட்டி என்று வாங்கிக்கொண்டு போனோம். எருமைத் தயிரைச் சட்டியோடு முன்னால் வைத்தார்கள். மேலே ஆடை விரல் மொத்தத்துக்கு நின்றது. கரண்டி இறங்கும்போது சத்தம் கேட்கிற தயிரை யாழ்ப்பாணத்தில் கண்டதில்லை.

முத்தையன்கட்டுக் குளத்துக்கு அடுத்த நாள் விடியப் போனோம். குளக்கட்டில் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்வில் வயல். பேராற்றை மறித்துக் கட்டிய குளம். வன்னியின் குளக்கணக்கு தெரியாமல் வன்னி விளங்காது. இங்கே குளத்தைப் பற்றிக் கேட்டால் பரப்பளவு சொல்ல மாட்டார்கள், எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் 36 அடி என்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். காலபோகம் மழையோடு போகும், சிறுபோகம்தான் குளத்தை நம்பியது. நிற்கிற தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கடைசித் தண்ணீருக்குப் பயிர் கருகும். ‘நிலைபேறான’ என்று கருத்தரங்கில் மணிக்கணக்கில் பேசுவதை இவர்கள் அடிக்கணக்கில் முடித்துவிடுகிறார்கள்.

குளக்கட்டில் ஒரு பெரியவர் இரவுக் காவல் முடிந்து நின்றார். கையில் டோர்ச், சாரத்து மடியில் யானை விரட்டுகிற வெடி. இரவு மூன்று யானை தண்ணீர் குடிக்க வந்து போனதாகச் சொல்லிக் கட்டுக்குக் கீழே காட்டினார். ஈர மண்ணில் அடி ஒவ்வொன்றும் சோற்றுக் கோப்பை அளவுக்குப் பதிந்து, உள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. “ஆறு மணிக்குப் பிறகு இந்தக் கட்டாலை வராதேங்கோ. அது அவையின்ரை நேரம்.” அவருடைய வாழைத் தோட்டத்தை அழித்த யானைகளுக்குத்தான், ஆட்களைச் சொல்வதுபோல மரியாதையாக இந்த ‘அவை’. பிறகு வள்ளத்தில் வந்து இறங்கிய மீனைப் பங்கு போட்டார்கள், விராலும் திலாப்பியாவும். திலாப்பியா 1952இல்தான் இலங்கைக்கே வந்தது. இப்போது குளத்து மீன் என்றால் அதுதான்.

குடிதண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதால் ஊர்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். போத்தல் கொண்டுபோனால் நிரப்பிக்கொள்ளலாம். வழியில் ‘இயற்கையோடு இணைந்த’ என்று பெரிய பலகை போட்ட ஒரு விடுதியில் தேத்தண்ணி குடித்தோம். தண்ணீர் கேட்டதற்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தல் வந்தது. பின்பக்கத்தில் அந்தப் போத்தல்களை எரித்த கருப்பு வட்டமும் இருந்தது. அந்தக் காசை ரோட்டோரத்தில் ரொட்டி சுடுகிற அம்மாவிடம் கொடுக்கலாம், கிளிநொச்சிப் பக்கம் வந்தால் பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகத்தில் கொடுக்கலாம்.

இன்னொன்று, ஆள் நடந்த தடம் இல்லாத காட்டுக்குள் படமெடுக்க இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை தொங்கினால் அது அலங்காரத்துக்கு இல்லை.

புதுக்குடியிருப்பு தாண்டி முல்லைத்தீவு ரோட்டில் என் பின் ரயர் காற்றுப் போனது. ஒட்டுகிற தம்பி வயலுக்குப் போயிருந்தார், வர நேரமாகும் என்றார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். 2009இல் போர் முடிந்த பிறகு பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து பங்கர் பார்த்து, படம் எடுத்து, பின்னேரமே திரும்பிப் போன இடம் இது. நாங்கள் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது பிளேன்டீ வைக்கும்போது கடைக்கார அக்கா தானாகவே, “அப்ப நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?” என்றார். யாழ்ப்பாணத்தில் என்றோம். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து 2012இல் தான் திரும்பி வந்தபோது வளவில் கிணற்றுக்கட்டு மட்டும்தான் மிச்சம் என்றார். நாங்கள் இருந்த நிழல் அவர் பிறகு வைத்த பூவரசு. அதற்கு முந்தியதைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ரயர் ஒட்டுகிற தம்பி வந்த பிறகும் நாங்கள் உடனே எழும்பவில்லை.

வட்டுவாகல் பாலத்தில் இறங்கி உருட்டியே போனோம், அவ்வளவு ஒடுக்கம். பாலத்துக்கு இரண்டு பக்கமும் வலை வீசுகிறார்கள், நந்திக்கடல் றாலுக்கு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் பின்னேரப் பூசை கிடைத்தது. வைகாசிப் பொங்கலுக்கு இங்கே கடல் தண்ணீரில் விளக்கெரியும், நிற்க இடம் இருக்காது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற பாத யாத்திரைக்காரர்களும் இந்தப் பக்கத்தால்தான் போகிறார்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. எங்கள் சைக்கிள் அவர்களுக்கு முன்னால் விமானம்.

முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்குப் பஸ்ஸில் திரும்பினோம். சைக்கிள்களைப் பின்கதவால் ஏற்றக் கொண்டக்டரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. கடைசியில் சைக்கிளுக்கும் ரிக்கற் எழுதித் தந்தார். பக்கத்துச் சீற்றில் இருந்த ஐயா எங்கே போய் வருகிறோம் என்று விசாரித்தார். சொன்னோம். “உங்கை என்ன கிடக்கு பாக்க?” என்று சிரித்தார். ஒட்டுசுட்டான் வர முதலே, தண்ணிமுறிப்புக் குளத்துக்கு ஏன் போகவில்லை, நெடுங்கேணிப் பக்கம் பாலைப்பழக் காலத்தில் வராமல் இப்போது ஏன் வந்தீர்கள் என்று எங்களைப் பேசத் தொடங்கிவிட்டார். மாங்குளம் வரை நிறுத்தவில்லை.