நரம்பணு வலையமைப்பும் தொற்றெதிர்ப்பு மருந்தும்: ஆய்வு நேர்காணலுக்குப் படித்த விதம்

முனைவர் பட்ட நேர்காணலுக்குத் தயாராகும் உயிரியல் மாணவர்கள் பெரும்பாலும் நரம்பியலை ஒரு குறிப்பேட்டிலும் நுண்ணுயிரியலை மற்றொன்றிலும் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். தொற்றெதிர்ப்பு மருந்துகளின் நரம்பு நச்சுத்தன்மையை ஆராயும் ஆய்வகத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு அது போதாது. நான் பாடநூலின் வரிசையை விட்டுவிட்டு, சில பழைய மருந்துகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கிருமியை என்ன செய்கிறது, நரம்பணுவை என்ன செய்கிறது என்று இரு திசையிலும் பின்தொடர்ந்தேன். அதையே பரிந்துரைக்கிறேன்.

பென்சிலினில் தொடங்கலாம். பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் அதே மருந்து, மூளைப் புறணியில் நேரடியாகப் பட்டால் வலிப்பைத் தூண்டும் என்பது 1940களிலேயே அறியப்பட்டது. நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் வேதித்தூது காபா; அதைப் பெறும் காபா-ஏ ஏற்பியின் குளோரைடு வழியைப் பென்சிலின் அடைப்பதால் நரம்பணுக்களுக்கு இடையிலான தடுப்புச் சைகை குறைகிறது. செஃபிபைம் என்னும் மற்றொரு பாக்டீரிய எதிர்ப்பு மருந்துக்கும் இந்த இயல்பு உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் கைகால் வெட்டாத வகை வலிப்பு நிலை வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்தது.

காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியசிட் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. அது ஏற்பியைத் தொடுவதில்லை. வைட்டமின் பி6இன் செயல்வடிவத்தைக் குறைக்கிறது. குளுட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதிக்கு அந்த வைட்டமின் துணைநொதி என்பதால் காபா உற்பத்தியே தளர்ந்துவிடுகிறது. அளவு மீறி உட்கொண்டவருக்கு வரும் வலிப்பு வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் அடங்காமல் பைரிடாக்சினுக்கு, அதாவது வைட்டமின் பி6க்கு, அடங்குவது இதனால்தான். இரண்டு மருந்துகளின் விளைவும் வலிப்புதான், வழி வேறு என்பதை இப்படி விளக்கத் தெரிந்தால், அடுத்து வரக்கூடிய ஐந்தாறு கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

பிறகு கருவிக்குச் செல்லுங்கள். எலிக் கருவின் புறணி நரம்பணுக்களைப் பல்மின்முனைத் தகட்டின்மேல் (நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் நுண்மின்முனைகள் பதித்த தட்டு) சில வாரங்கள் வளர்த்தால், அவை தாமாகவே இணைப்புகளை உண்டாக்கி, ஒரே நேரத்தில் கூட்டமாகத் துடிக்கும் அலைகளைக் காட்டும். துடிப்பு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். கூட்டத் துடிப்பின் நீளம், இடைவெளி, மின்முனைகளுக்கிடையிலான ஒத்திசைவு ஆகியவற்றையும் படிக்கவேண்டும். காபா தடுப்பானான பைக்குக்குல்லினைச் சேர்த்த பதிவை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால், புதிய சேர்மம் ஒன்றின் பதிவு அதை ஒத்திருக்கிறதா என்று சொல்ல வசதியாக இருக்கும்.

செறிவை விட்டுவிட்டு எந்த விடையும் சொல்லாதீர்கள். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்சச் செறிவும், வலையமைப்பின் துடிப்பு மாறத் தொடங்கும் செறிவும், மருந்து மூளைத் தண்டுவடத் திரவத்தில் உண்மையில் எட்டும் செறிவும் மூன்று வெவ்வேறு எண்கள். மூளைக்காய்ச்சலுக்கான மருந்து மூளைக்குள் போயே ஆகவேண்டும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஐவர்மெக்டின். புழுக்களின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளுட்டமேட்-குளோரைடு வழிகளைத் திறந்துவைத்து அந்தப் புழுக்களை முடக்குகிறது. நரம்பு மண்டலமே அதன் இலக்கு. பாலூட்டிகளில் அவ்வகை வழிகள் இல்லை. ரத்த–மூளைத் தடுப்பில் உள்ள பி-கிளைக்கோபுரதமும் மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் புரதத்தின் மரபணு பழுதான கோலி இன நாய்களுக்கு வழக்கமாகப் பாதுகாப்பான அளவுகளும் நஞ்சாவதேன் என்று கேட்டால், தட்டில் வளர்க்கும் நரம்பணுக்களுக்கு இந்தத் தடுப்பு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.