யூதா அரசின் ஜாடி முத்திரை: மாக்கல்லில் வெட்டிப் பார்த்தது

எடுத்துக்கொண்ட மாதிரி, எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பண்டைய யூதா அரசின் எசேக்கியா மன்னர் காலத்து (கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் இறுதி) ஜாடிக் கைப்பிடிகளில் உள்ள நீள்வட்ட முத்திரை. நடுவில் சிறகு விரித்த சின்னம், மேலே 'மன்னருக்கு உரியது' என்று பொருள்படும் 'ல்-ம்-ல்-க்' என்ற எபிரேய எழுத்து, கீழே ஓர் ஊர்ப் பெயர். இத்தகைய கைப்பிடிகள் 2,000-க்கு மேல் கிடைத்தும், குத்திய அச்சு ஒன்றுகூட அகப்படவில்லை. பதிவைப் பார்த்துத்தான் அச்சை மீட்க வேண்டும்.

கல்சட்டி செதுக்கும் இடத்தில் மிஞ்சும் மாக்கல் துண்டு போதும். சூளையிலிருந்து வரும்போது களிமண் சுமார் பத்து சதவீதம் சுருங்கியிருக்கும். 30 மி.மீ. முத்திரை வேண்டுமென்றால் அச்சை 33-ஆக வெட்டுங்கள். கல்லை நனைத்துக்கொண்டே ஊசி அரத்தால் ராவ வேண்டும். தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். பள்ளம் ஒன்றரை மி.மீ. ஆழம், வாய் அகன்று அடி குறுகி இருக்கட்டும். உட்பக்கம் குடைந்துவிட்டால் மண் அதிலேயே பிய்ந்து தங்கிவிடும்.

சிக்கல் எழுத்தில்தான். பழைய எபிரேயத்தில் 'ம்', 'க்' இரண்டின் காலும் இடப்பக்கம் சாயும். பதிவு கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பி விழுவதால், கல்லில் வலப்பக்கம் சாய வேண்டும். வரிசையைத் திருப்பிவிட்டு காலைத் திருப்ப மறப்பதுதான் வழக்கமாக நேரும் தவறு. சப்பாத்தி மாவில் ஒத்திப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஆழத்தை மட்டும் மாவை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது மீண்டு எழும்பும்.

குத்துவதற்குப் பதம்: விரல் அமுக்கினால் தடம் விழ வேண்டும், மண் ஒட்டக் கூடாது. அச்சில் சலித்த சாம்பலைத் தூவி, கைப்பிடிக்கு அடியில் இன்னொரு விரலை முட்டுக் கொடுத்து, ஒரே அழுத்தாக நேராக எடுங்கள். முட்டு இல்லையென்றால் ஜாடியோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். அச்சு அசைந்தால் சிறகு இரட்டையாகும். அந்தக் கைப்பிடிகளில் நீளவாக்கில் இரண்டு வரம்பு ஓடுகிறது; அச்சு வரம்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட, நடுப்பள்ளத்தில் எழுத்து விழுவதில்லை. அசலிலும் பல முத்திரைகள் பாதி மழுங்கியிருக்க இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

குத்திப் பார்த்தால் இன்னொன்றும் புரிகிறது. சுட்ட ஜாடியில் இந்த அச்சு பதியாது. அப்படியானால் எண்ணெயோ திராட்சை மதுவோ நிரம்பும் முன்பே, குயவர் களத்திலேயே அது அரசு ஜாடி ஆகிவிட்டது. கி.மு. 701-இல் அசீரிய மன்னர் சனகெரிப் யூதாவின் லாகீஷ் நகரை அழித்த பிறகும் கைப்பிடியில் குத்தும் வழக்கம் நிற்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதழ்கள் வட்டமாக விரிந்த பூ வடிவம், 586-இல் எருசலேம் விழுந்து பாபிலோன் ஆட்சி வந்ததும் சிங்கம், பாரசீகர் காலத்தில் 'யெஹூத்' என்ற மாகாணப் பெயர். எருசலேமுக்குத் தெற்கே உள்ள ராமத் ராஹேலில் இவை எல்லாமே கிடைத்திருக்கின்றன. ஆட்சி மாற மாற அச்சைத்தான் மாற்றினார்கள். வரி வசூல் ஏற்பாடு பெரும்பாலும் அப்படியே ஓடியிருக்க வேண்டும்.

அடுத்து அந்தப் பூ வடிவம். எழுத்தே இல்லாததால் திருப்பி வெட்டும் தொல்லை கிடையாது. கவராயத்தால் வட்டம் போட்டு இதழ்களைச் சமமாகப் பிரித்தால் போதும். வெட்டப் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.