புழுவெட்டு என்று நம்பிய எட்டு மாதம்

காதுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் தோல் டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எனக்கு அப்படி ஒருவர் கிடைக்க எட்டு மாதம் ஆனது. அதற்குள் வகிட்டுக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி போய், அந்த இடத்தில் இனி முளைக்காது என்றாகிவிட்டது.

2019 கோடை. அப்போது சென்னையில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புழல் ஏரி வறண்டு கிடந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு லாரி வந்தால்தான் தலைக்குக் குளியல். தெருவில் எல்லாப் பெண்களுக்கும் முடி கொட்டியது, எல்லோரும் சேர்ந்து லாரித் தண்ணியைத் திட்டினோம். என் சீப்பில் கொத்தாக வந்தபோது நானும் அதையேதான் திட்டினேன். சொட்டையை முதலில் பார்த்தது என் மகள். பேன் பார்க்கச் சொல்லி உட்கார்ந்தேன். "அம்மா, இங்க முடியே இல்லம்மா" என்றாள்.

பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "புழுவெட்டுதாண்டி இது. சின்ன வெங்காயத்த அறுத்து எரியிற வரைக்கும் தேய்" என்றார். மூன்று வாரம் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

இப்போது தெரிந்ததை அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம். புழுவெட்டு விழுந்த இடம் வழவழவென்று இருக்கும், தோல் பார்க்க மற்ற இடம் போலவே இருக்கும். எனக்கு இருந்தது அப்படி இல்லை. ஓரம் கருத்து, நடுவில் வெளுத்து, மேலே செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செதிலை ஒருநாள் உரித்தேன், சுருக்கென்று வலித்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் குட்டிக் குட்டியாக முள் மாதிரி. முடிக்காலுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது செதிலோடு பிடுங்கி வந்திருக்கிறது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஆடி மாதம் கன்னத்திலும் ஒரு வட்டம் வந்தது. எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். காலையில் நடந்து போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் மட்டும் மிளகாய் பூசியது போல் எரியும். மெடிக்கலில் காட்டினேன். "படைதான்க்கா இது. இந்த க்ரீம போடுங்க, சீட்டெல்லாம் வேணாம்" என்று ஒரு டியூபைக் கொடுத்தார் பையன். பத்து நாளில் மாயம் போல மறைந்தது. விட்டதும் முன்னைவிடச் சிவப்பாகத் திரும்பி வந்தது. மறுபடி டியூப், மறுபடி மறைவு. ஐந்து டியூப் தீர்ந்த பிறகு கன்னத்தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சின்ன நரம்புகள் சிவப்பாகத் தெரிந்தன. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று மருந்து கலந்திருப்பதாகப் போட்டிருந்தது. அதில் ஒன்று வீரியமான ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் முகத்தில் போடவே கூடாதது.

அப்புறம் ஒரு கிளினிக். வெயிலில் போனால் அதிகமாகிறது என்றதும் அந்த டாக்டருக்கு லூபஸோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயோ என்று சந்தேகம் வந்து, அதற்கான ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதற்கு அவரை மெச்சத்தான் வேண்டும். ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வந்தது. "லூபஸ் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று படை மாத்திரை கொடுத்து அனுப்பினார். நானும் சந்தோஷமாக வடபழனி முருகனுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கே போனது இரண்டு மாதம். இது இன்னும் ஆறவில்லை எனக்கு. தோலோடு நிற்கிற டிஸ்காய்டு லூபஸில் அந்த ரத்தப் பரிசோதனை பல பேருக்கு நெகட்டிவாகவே வரும். நோயே இல்லாத சிலருக்கு பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. அந்த ஒரு காகிதத்தை மட்டும் வைத்து இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராவது சொன்னால், தோலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுங்கள்.

பொங்கல் கழிந்து, கடையில் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் தன் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா தலையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. "கம்மலக் கழட்டுங்க" என்றார். காதுமடலின் உள்குழியில் டார்ச் அடித்தார். "இது எவ்வளவு நாளா இருக்கு?" அங்கே கறுப்புப் புள்ளிகள் இருப்பது எனக்குத் தெரியும். அழுக்கு என்று நினைத்து ஹேர்பின்னால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதுவும் தலையில் அடைத்திருந்ததும் ஒரே சாமானாம். மடித்து வைத்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டார். "நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, ஆளுங்கதான் கேக்கல" என்றார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

அடுத்தது பயாப்சி. இங்கேதான் கதை கெட்டது.

தலையில் மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு எடுப்பார்கள். ஒன்று சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்க்க. அது ஃபார்மலின் பாட்டிலில் போக வேண்டும். இன்னொன்று, தோலில் எதிர்ப்புச் சக்திப் புரதம் எங்கே படிந்திருக்கிறது என்று ஒளிரவைத்துப் பார்க்க. அதை ஃபார்மலினில் போடவே கூடாது. அதற்கென்று தனித் திரவம் உண்டு, இல்லையென்றால் சலைனில் போட்டு அன்றைக்கே லேபில் சேர்க்க வேண்டும். டாக்டர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். உதவிக்கு இருந்தவர் இரண்டையும் ஒரே மாதிரிப் பாட்டிலில் போட்டு, லேபிள் ஒட்டி, என் கையில் கொடுத்தார். நானும் தலையில் கட்டோடு ஆட்டோ பிடித்து, ஊருக்கு அந்தக் கடைசியில் இருந்த லேபுக்குப் போனேன். போக மட்டும் முந்நூறு ரூபாய்.

கவுன்டரில் இருந்த பெண் மூடியைத் திறந்து மூக்குக்கு அருகே கொண்டுபோனார். முகம் சுருங்கியது. "மேடம், ரெண்டுமே ஃபார்மலின் வாடை அடிக்குதே."

"அப்படின்னா?"

"ஒண்ணு வேஸ்ட்."

என் மண்டைத்தோல் அது. வேஸ்ட் என்கிறார். திரும்பிப் போய்ச் சொன்னால் உதவியாளர், "நீங்க மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பீங்க" என்றார். இரண்டு பாட்டிலும் ஃபார்மலின் என்றால் எதை எதோடு நான் மாற்றுவது? டாக்டர் மன்னிப்புக் கேட்டார், தன் பங்குக் காசை வாங்கவில்லை. லேப் காசும் ஆட்டோ காசும் என்னோடுதான். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊசி, மறுபடி தையல். இந்த முறை பாட்டிலை மூடுவதற்கு முன்பே கேட்டு வாங்கி நானே முகர்ந்து பார்த்தேன். அந்த உதவியாளர் முறைத்தார், முறைக்கட்டும். ஃபார்மலின் மூக்கைக் குத்தும், சலைனுக்கு வாசனையே கிடையாது. பயாப்சிக்குப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ரிப்போர்ட் பத்து நாளில் வந்தது, டிஸ்காய்டு லூபஸ். சிறுநீரில் புரதம் இல்லை, ரத்த அணுக்கள் சரி, உள்ளுறுப்பு எதிலும் கை வைக்கவில்லை. சிலருக்குப் பின்னால் உள்ளேயும் போகலாம் என்பதால் இந்தப் பரிசோதனைகளை விடாமல் செய்யச் சொன்னார்.

மாத்திரை ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். நாளுக்கு, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நான் 60 கிலோ. அதனால் 200 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு. காலண்டரில் ஒற்றைக்கோடு, இரட்டைக்கோடு போட்டு வைத்தேன். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், நடுவில் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அது 2020 பிப்ரவரி கடைசி. அடுத்து என்ன நடந்தது என்று ஊகித்திருப்பீர்கள். மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு. அதே வாரம் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்த மாத்திரையைக் கொரோனா தடுப்புக்கு என்று சுகாதாரப் பணியாளர்களுக்கும் நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் பரிந்துரைத்தது. டி.வி.யில் பெயர் வந்ததுதான் தாமதம், மெடிக்கல்களில் ஒரு அட்டைகூட இல்லை. என்னிடம் பதினொன்று இருந்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உடனே கெடுபிடி வேறு. கேட்காமலே படை க்ரீம் தந்த அதே கடையில், என் சீட்டு ஒரு மாதம் பழையது என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் வாட்ஸப்பில் புதுச் சீட்டு அனுப்பினார், தம்பி அதைப் போலீஸிடம் காட்டிக் காட்டி வண்டியில் கொருக்குப்பேட்டை, மூலக்கொத்தளம் என்று சுற்றினான். மூன்றாம் நாள் ஒரு சந்துக்கடையில் இரண்டு அட்டை கிடைத்தது. அன்று சாயந்திரமே எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்றார். "உங்கிட்ட அந்த மாத்திரை இருக்குதாமே, ஆளுக்கு ரெண்டு குடேம்மா." கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை அவர்.

ஜூனில் செதில் நின்றது. தலையில் மாதம் ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், வலியில் கண்ணில் பூச்சி பறக்கும், வேறு வழியில்லை. சொட்டையின் ஓரத்தில் முடிக்கால் உயிரோடு இருந்த இடங்களில் முடி வந்தது, தழும்பாகிப்போன நடுவில் வரவில்லை. நெற்றியோரம் உடைந்து உடைந்து போன முடி தானாகவே வந்துவிட்டது.

வெயில் சமாச்சாரத்தில் நான் ஜெயித்த ஒரு கதை உண்டு. பில் போடும் மேஜை கடையின் கண்ணாடி முகப்பை ஒட்டி இருக்கிறது. கண்ணாடி வழியாகவும் தோலைக் கெடுக்கிற கதிர் வரும் என்று டாக்டர் சொன்னதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "மேஜைய நகத்தினா கஸ்டமர் எங்க நிப்பான்?" என்றார். மறுநாள் காலை சீக்கிரமே போய், நைட்டி ஸ்டாண்டு இரண்டை இழுத்துக் கண்ணாடிக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் பட்டு அந்த வாரம் நைட்டி நன்றாக விற்றது. ஸ்டாண்டு இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

இந்த மாத்திரை நாள்பட விழித்திரையைக் கெடுக்கக்கூடும், ஐந்து வருஷம் சாப்பிட்டாயிற்று என்பதால் இனி வருஷா வருஷம் அதைப் பார்க்க வேண்டும். போன மாதம் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மடியில் மாத்திரை அட்டை. பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது கொரோனா மாத்திரை ஆச்சே? இன்னுமா சாப்பிடறே?"

முடி மாத்திரை என்றேன். கடைப் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளப் பேனா தேட ஆரம்பித்துவிட்டார். அட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.