முன்தோல் இறுக்கம்: வெட்கப்பட்டு நான் தள்ளிப்போட்ட விஷயம்

ஆணுறுப்பின் முன்தோல் பின்னால் போகாததை யாரிடமும் சொல்லாமல் பல வருஷம் மறைத்து வைத்திருந்தேன். குளிக்கும்போது ஒருநாள் பலவந்தமாக இழுத்ததில் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுந்து, ஆறும்போது அந்த இடம் வெள்ளையாகத் தடித்து, முன்பைவிட இறுகிப்போனது. தயவுசெய்து அப்படி இழுக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு முன்தோல் மொட்டோடு (ஆணுறுப்பின் நுனிப்பகுதியோடு) ஒட்டியிருப்பது இயல்பு. தானாகப் பிரிய வருஷக்கணக்கில் ஆகும், சிலருக்குப் பதின்ம வயது வரைகூட. அதனால் பெற்றோர் இழுத்துப் பார்க்கவே வேண்டாம். ஆனால் சிறுநீர் போகும்போது எரிச்சல், சிரமம், அடிக்கடி சிவந்து வீங்குவது, விறைப்பின்போது வலி, வெள்ளை வளையம்போல் தழும்பு, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்குப் புதிதாக இறுக்கமும் வெடிப்பும் வந்தால் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

எனக்கு டாக்டர் ஸ்டீராய்டு களிம்புதான் எழுதிக் கொடுத்தார். தினமும் இரண்டு வேளை, இறுகின வளையத்தில் மெல்லிசாகத் தடவி, வலிக்காத அளவுக்கு மட்டும் தோலைத் தளர்த்தணும். பொதுவாக 4 முதல் 8 வாரம். நிறையப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும், எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது.

அப்புறம், பின்னால் போன தோல் திரும்ப முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு மொட்டு வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ரத்த ஓட்டம் தடைப்படும். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.